பெருந்திரையும் சிறுமனையும்

தொலைக்காட்சி என்னுஞ் சொல் நம் மொழிக்குப் புதிது. ஆயினும் அதன் உறுப்புக்களாகிய தொலை, காட்சி என்னும் இரண்டும் பழையன. தருக்க நூலார் காட்சி என்பதனைப் புலன்வாயிலாக நேரே பெறும் அறிவு என்பர். தொலை என்பதோ தூரத்தையும் உணர்த்தும்; அழிதல், இழத்தல் என்னும் பொருள்களையும் தரும். ஆதலின், தூரத்திலுள்ளதைக் கண்முன் கொணர்வது தொலைக்காட்சி என்று பொருள் கூறுவாரும் உளர். கிட்டவுள்ளதைத் தொலைக்கச் செய்வது தொலைக்காட்சி என்று நகையாடுவாரும் உளர். இவ்விரண்டனுள் எப்பொருள் பொருந்தும் என்பது கருவியை மட்டும் பொறுத்ததன்று. அதனைத் தேர்ந்து இல்லத்தில் வைத்துக்கொள்வாரையும் பொறுத்தது.

யாம் தமிழ் பயிலும் மாணாக்கர், பொறிநூல் கற்றவரல்லேம். ஆயினும், சென்ற கிறிஸ்து பிறப்பு விடுமுறையில் கோடைக்கானலிலுள்ள எம் சிறு இல்லத்திற்குத் தட்டைத்திரைத் தொலைக்காட்சி ஒன்று வாங்க நேர்ந்தபோது, அளவுநாடாவும் தாளும் எழுதுகோலும் கொண்டு சில நாள் ஆராயலாயினோம். அவ்வாராய்ச்சியிற் கண்டவற்றையும், தொடக்கத்தில் எம்மிடம் இருந்த பிழையான எண்ணம் திருந்திய வகையையும் ஈண்டு எழுதுகின்றோம். இத்தகைய பொருளை வாங்கும் நாள் நம் மாணவத் தோழர் பலர்க்கும் விரைவில் வருமாதலின், இது பயனின்றிப் போகாது என நம்புகின்றோம்.

பெட்டி திரையான வரலாறு

ஜான் லோகி பேர்டு என்னும் ஸ்காத்லாந்து அறிஞர் 1926-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 26-ஆம் நாள் லண்டன் மாநகரில் அறிவியலார் முன்னிலையில் அசையும் உருவங்களை அனுப்பிக் காட்டினார். நம் நாட்டில் 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியிலும், 1975 ஆகஸ்டு 15 அன்று சென்னையிலும் தொலைக்காட்சி அடியெடுத்து வைத்தது. 1982-ஆம் ஆண்டில் அதற்கு வண்ணம் வந்தது.

இவ்வரலாற்றில் எம் மலைக்கும் ஓர் இடமுண்டு. தொலைக்காட்சி அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டிற் செல்வன. ஆகவே கோபுரம் எத்துணை உயரத்தில் நிற்கின்றதோ அத்துணைத் தொலைவுக்கு அவை எட்டும். கோடைக்கானல் கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ளது. அவ்வுயரத்திலிருந்து தடையின்றி நோக்குவார்க்கு அடிவானம் சுமார் 160 கிலோமீட்டர்க்கு அப்பால் இருக்கும். இதனாலன்றோ தூர்தர்ஷன் நிலையத்தார் இம்மலைமேற் கோபுரம் நாட்டித் தென்மாவட்டங்களுக்குப் படம் பரப்பினர்! பின்னர்த் துணைக்கோள் வழியும் கேபிள் வழியும் பெருகின. பழைய முறை ஒளிபரப்பிகள் நாடெங்கும் படிப்படியாக நிறுத்தப்பட்டு, 2022-க்குள் பெரும்பாலும் ஓய்வுற்றன.

ஏழை இல்லங்களில் தொலைக்காட்சி புகுந்தது வேறொரு வாயிலாக. 2006-ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கிற்று. 2011 வரை நடந்த அத்திட்டத்தால் 14 அங்குலப் பெட்டிகள் குடிசைதோறும் வந்தன. எம் இல்லத்திற்கு வந்த முதற்பெட்டியும் அதுவே. அது கண்ணாடிக் குழாயாலானது. குழாயின் பின்முனையிலிருந்து பாயும் மின்னணுக் கற்றை முன்முகத்திற் பட்டு ஒளிரச் செய்யும். முகம் அகன்றால் குழாயும் நீளவேண்டும், கண்ணாடியும் தடிக்கவேண்டும். ஆகவே 29 அங்குலப் பெட்டியைத் தூக்கவே இருவர் வேண்டியிருந்தது. அக்குழாய் ஒழிந்து, தட்டைத்திரை வந்தபின்னரே திரை சுவரளவு பெருகுதற்கு வழி பிறந்தது. பெட்டி என்பது போய்ப் பலகை ஆனபின்னும் நம் மக்கள் அதனை டி.வி. பெட்டி என்றே வழங்குவர்.

எம் இல்லத்தில் எழுந்த வினா

சென்ற ஐப்பசி மழையில் ஓரிரவு எம் பழைய பெட்டி ஒளியிழந்தது. அதனால் மிகவும் வருந்தியவர் எம் பாட்டியார். அவர்க்கு அகவை 81. விழித்திரையின் நடுப்பகுதி தேய்வுற்றமையால், நேரே நோக்கும் பொருளின் நடுவில் ஒரு நிழல் விழும். ஆலயத்திற்குச் செல்லும் வழியோ செங்குத்தான மேடு. 2020-ஆம் ஆண்டில் பெருந்தொற்றால் ஆலயங்கள் அடைக்கப்பட்டபோது, எம் சபையார் ஞாயிறு ஆராதனையைக் கைப்பேசி வாயிலாக அனுப்பத் தொடங்கினர். கதவுகள் திறந்தபின்னும் முதியோர் பொருட்டு அதனை நிறுத்தவில்லை. கைப்பேசியின் சிறு முகத்தில் பாட்டியாரால் ஒன்றும் காண இயலவில்லை. பாட்டை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

எம் தந்தையார் காய்கறி மண்டி ஒன்றிற் கணக்கெழுதுபவர். தொலைக்காட்சிக்கென அவர் ஒதுக்கியது 30,000 ரூபாய். கடைக்காரர் 65 அங்குலத் திரையைக் காட்டினார். அதன் விலை அத்தொகையின் இருமடங்குக்கும் மிகுதி. எஞ்சியதைப் பதினெட்டுத் தவணையிற் கட்டலாம் என்றார். "அம்மாவுக்குப் பெரிதாகத் தெரியட்டும், கடன் நமக்குப் புதிதா?" என்றார் தந்தையார். யாமும் உடன்பட்டோம். உண்மை உரைக்குமிடத்து, பாட்டியார் பெயரைச் சொல்லி எம் விருப்பத்தையும் நிறைவேற்றிக்கொள்ள எண்ணினோம். பன்னிரண்டாம் வகுப்புப் பயிலும் தங்கை மட்டும், "அந்த அறையில்தானே நான் படிக்கவேண்டும்?" என்றாள். எம் இல்லத்திற் கணப்பு உள்ள அறை ஒன்றே. குளிர்காலத்தில் உண்பதும் படிப்பதும் அமர்வதும் அதனுள்ளேயாம். அவள் கேட்டது தகுந்த வினாவாதலால், வாங்குவதை ஒரு வாரம் ஒத்திவைத்தோம்.

தூரமும் அளவும்

கடையிற் கூறும் அங்குலம் திரையின் அகலமன்று. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு அளக்கும் சாய்வளவு. இக்காலத் திரைகள் அகலம் 16, உயரம் 9 என்னும் விகிதத்தில் அமைந்தவை. ஆதலால் 43 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 37½ அங்குலம், உயரம் 21 அங்குலம். 65 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 57 அங்குலம், உயரம் 32 அங்குலம். சாய்வளவு ஒன்றரை மடங்கு ஆகும்போது பரப்பு இரண்டேகால் மடங்காகின்றது. எம் பழைய 14 அங்குலப் பெட்டியோடு ஒப்பிட்டால், 43 அங்குலமே எட்டு மடங்குக்கு மேற்பட்ட பரப்புடையது. கடையில் அதனைச் சிறிதெனக் கண்டது, பக்கத்தில் 65 நின்றமையாலேயாம்.

எனினும் பரப்பைக் காட்டிலும் முதன்மையானது கோணம். ஒரு பொருள் கண்ணுக்கு எவ்வளவு பெரிதாகத் தோன்றும் என்பதை அப்பொருளின் அளவும், அது நிற்கும் தூரமும் கூடியே முடிவு செய்கின்றன. படக்காட்சியை நிறைவாகக் காண, திரை சுமார் 30 பாகைக் கோணம் கொள்ளவேண்டும் என்பது திரைத்தொழிலார் கைக்கொள்ளும் ஒரு கணக்கு. அதனை எளிதாகக் கூறின், திரையின் சாய்வளவை 1.6 ஆற் பெருக்கினால் அமரவேண்டிய தூரம் கிடைக்கும். எம் அறையிற் சுவருக்கும் இருக்கைக்கும் இடையே 7 அடி. அஃதாவது 84 அங்குலம். இதனை 1.6 ஆல் வகுத்தால் 52½ அங்குலம் வரும். ஆகவே 50 அல்லது 55 அங்குலமே அக்கணக்கின்படி எம் அறைக்குப் பொருத்தம். 65 சற்று மிகை, 43 சற்றுக் குறை. ஆனால் இக்கணக்கு, அனுப்பப்படும் படம் நுண்ணியதாயிருந்தாலே பொருந்தும். அதனை அடுத்து ஆராய்வோம்.

பெருக்கினால் நுண்மை பெருகுமா?

இவ்வினாவிற்கு விடை எம் ஊரிலேயே இருந்தது. 1899-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற கோடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம் 1901 முதல் பகலவனை நோக்கி வருகின்றது. ஜான் எவர்ஷெட் என்னும் அறிஞர் ஞாயிற்றின் கரும்புள்ளிகளில் வளி ஆரமாகப் பாயும் இயல்பை 1909-இற் கண்டறிந்தது இவ்விடத்திலேயாம். அங்கே நிலத்தடிச் சுரங்கமொன்றில் அமைந்த தொலைநோக்கியில், 36 மீட்டர்க் குவியத் தொலைவுடைய வில்லை ஞாயிற்றின் உருவை 34 செண்டிமீட்டர்க் குறுக்களவில் வீழ்த்துகின்றது. இஃது ஏறத்தாழ 13½ அங்குலம். பதினான்கு லட்சம் கிலோமீட்டர்க் குறுக்களவுள்ள ஞாயிற்றையே எம் பழைய பெட்டியின் அளவிற் கண்டு ஆராய்ந்திருக்கின்றனர் என்றால் வியப்பன்றோ? அவ்வுருவை இன்னும் பன்மடங்கு பெருக்கிக் காட்டுதல் அரிதன்று. ஆயினும் வானத்துக் காற்றின் துடிப்பால் உரு கலங்கியிருக்கும்போது, பெருக்குதலால் அக்கலக்கமே பெருகும். காற்று அமைதியாயிருக்கும் காலைப் பொழுதே அங்கு நோக்குதற்குச் சிறந்தது. வருகின்ற ஒளியில் இல்லாத நுண்மையை எந்த வில்லையும் படைத்துத் தாராது.

தொலைக்காட்சிக்கும் இவ்விதியே. படம் எண்ணிறந்த புள்ளிகளால் ஆயது. கேபிளில் வரும் பழைய தரச் சேனலொன்றில் மேலிருந்து கீழாக 576 வரிகளே உள்ளன. எச்.டி. என்பதில் 720 அல்லது 1080. 4கே என்பதில் 2160. குறையற்ற கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு வரையிற் பிரித்தறியும் என்று கொண்டு யாம் கணக்கிட்டோம். 43 அங்குலத் திரையில் 576 வரிப் படத்தின் புள்ளிகள் கண்ணுக்கு மறைய 10½ அடி தூரம் வேண்டும். 720 வரிக்கு 8½ அடி. 1080 வரிக்கு 5½ அடி. 2160 வரிக்கு 3 அடிக்குள். 65 அங்குலத் திரையிலோ முறையே 16 அடி, 12½ அடி, 8½ அடி, 4¼ அடி.

எம் இல்லத்திற்கு வருவன இரண்டே: கேபிள் வழிப் பழைய தரச் சேனல்கள், இணையவழி 720 வரியில் வரும் ஆலய ஆராதனை. ஏழடி தூரத்திலிருந்து இவற்றை 65 அங்குலத்திற் கண்டால், முகத்தின் குறி தெளிவதற்கு மாறாகப் படத்தின் சொரசொரப்பே தெளியும். 43 அங்குலத்தில் 720 வரிப் படம் ஏறக்குறையத் தெளிவாகவே இருக்கும். 4கே என்னும் சிறப்பும் அத்தூரத்தில் 43 அங்குலத்திற் கண்ணுக்குப் புலனாகாது. உயர்தரத் திரைப்படங்களையும் விளையாட்டுக்களையும் 4கே-யிற் காணும் இல்லத்தார்க்கு எம் முடிவு பொருந்தாது. அவர் அதே அறைக்கு 55 அங்குலம் வாங்குதல் தகும். ஆகவே வாங்குவார் முதலிற் கேட்கவேண்டிய வினா, எவ்வளவு பெரிய திரை என்பதன்று; எத்தகைய படம் நம் வீட்டிற்கு வருகின்றது என்பதேயாம்.

திரையின் வகை

இனித் திரையின் உள்ளமைப்பைச் சிறிது கூறுவாம். 1888-ஆம் ஆண்டு பிராகா நகரில் பிரெடெரிக் ரைநிட்சர் என்னும் தாவரநூல் அறிஞர், கேரட்டிலிருந்து எடுத்த கொலஸ்டிராலின் சேர்மம் ஒன்றைச் சூடேற்றினார். அது 145.5 பாகை வெப்பத்தில் உருகிக் கலங்கல் நீர்மமாயிற்று, 178.5 பாகையிலேயே தெளிந்தது. நீர்மம்போல் ஒழுகியும் படிகம்போல் ஒழுங்குற்றும் இருக்கும் அக்கலங்கல் நிலையே திரவப் படிகம் எனப்படும். எம் மலைச்சரிவுகளில் விளைந்து தந்தையாரின் மண்டியிற் குவியும் கேரட்டிற்கும் இத்திரைக்கும் இப்படியோர் உறவு உண்டென அறிந்து மகிழ்ந்தோம்.

மின்னழுத்தத்தால் திரவப் படிகத்தின் மூலக்கூறுகள் திரும்பும். அதனால் பின்னிருந்து வரும் ஒளி ஒவ்வொரு புள்ளியிலும் கூடியுங் குறைந்தும் வெளிப்படும். எல்.ஈ.டி. டி.வி. என்று கடையில் விற்பதன் திரையும் திரவப் படிகமே, எல்.ஈ.டி. என்பது அதன் பின்நின்று ஒளிதரும் விளக்கின் பெயர். ஓ.எல்.ஈ.டி. என்பதிலோ பின்விளக்கு இல்லை. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். அதனால் அதன் கருமை மிக ஆழ்ந்தது, விலையும் மிகுதி, ஒரே உருவம் நெடுநேரம் நின்றால் அதன் சுவடு பதிந்துவிடுதலும் உண்டு.

திரவப் படிகத் திரையைப் பக்கத்திலிருந்து நோக்கினால் நிறம் வெளிறுதல் அதன் பழங்குறை. பெங்களூரு இராமன் ஆய்வு நிறுவனத்தில் எஸ். சந்திரசேகர் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாதல் கூடும் என்று 1977-இற் கண்டறிந்தனர். அவ்வகைப் பொருளாலான மெல்லேடுகள் பிற்காலத்தில் இக்குறையைத் தணிக்கப் பயன்பட்டன. இன்று விற்கும் திரைகளுள் ஐ.பி.எஸ். என்னும் வகை பக்கப் பார்வைக்கு நன்று, வி.ஏ. என்னும் வகை நேர்ப்பார்வையில் ஆழ்ந்த கருமை தரும். கடையில் யாம் திரையின் நேரே நில்லாது பக்கச் சுவரோரம் சென்று நின்று நோக்கினோம். கடைக்காரர் நகைத்தார், ஆயினும் எம் அறையில் பாட்டியாரின் நாற்காலி இருக்கப்போவது அவ்விடத்திலேயன்றோ? மேலும், கடையிற் பேரொளிக்கு ஈடாக வண்ணத்தை மிகைப்படுத்தி வைத்திருப்பர். இல்லத்தில் அதனை இயல்பு நிலைக்கு மாற்றிக்கொள்ளல் வேண்டும்.

மலையில் நினைக்கவேண்டியவை

சமவெளியாருக்கு வேண்டாத சில எண்ணங்கள் எம்போல்வார்க்கு வேண்டும். 2,100 மீட்டர் உயரத்திற் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதன் நான்கில் மூன்று பங்குக்குச் சற்றே மிகுதி. முன்னர் விற்ற பிளாஸ்மாத் திரைகள் இவ்வுயரத்தில் இரைச்சலிடும். அவற்றின் கண்ணாடி அறைகளுள் வளி அடைக்கப்பட்டிருந்தமையின், வெளியழுத்தம் குறைந்தபோது கண்ணாடி அதிர்ந்து ஒலித்தது. அவற்றின் உற்பத்தி 2014 வாக்கில் நின்றுவிட்டது; எனினும் பழம்பொருளாக எவரேனும் விற்றால் மலையிலுள்ளார் வாங்குதல் வேண்டா. மெல்லிய காற்று சூட்டையும் விரைந்து அகற்றாது. மின்பொருள்கள் சிலவற்றின் கையேட்டில் 2,000 மீட்டர் என்று உயர வரம்பு குறித்திருப்பதும் உண்டு. வாங்குமுன் அதனைப் படித்தல் நன்று.

மூடுபனி வந்தாற் படம் போய்விடும் என்பது எம் ஊரில் வழங்கும் பேச்சு. அது முழுதும் உண்மையன்று. துணைக்கோளிலிருந்து வீட்டுக் குடைக்கு வரும் அலையின் நீளம் சுமார் இரண்டரை செண்டிமீட்டர். மூடுபனியின் நுண்துளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்களவே. அஃது அலையைப் பெரிதும் தடாது. மில்லிமீட்டர்க் கணக்கிலுள்ள பெருமழைத் துளிகளே அலையை உறிஞ்சியும் சிதறடித்தும் படத்தைக் குலைப்பன.

திரைக்கு மூடுபனி செய்யும் தீங்கு வேறு, அது ஈரமாகும். குளிர்ந்த திரையின்மேல் சமையலறை நீராவி பட்டால் நீர் அரும்பும். ஆதலால் ஈரச்சுவரோடு ஒட்டாமல் நான்கு விரல் இடைவெளி விடுக; பிளாஸ்டிக் உறையால் மூடற்க; துணி உலர்த்தும் கயிற்றை அருகே கட்டற்க. வத்தலக்குண்டிலிருந்து மலைப்பாதையிற் கொணரும்போது திரையை நிமிர்த்தியே வைக்கவேண்டும். படுக்கவைத்தால் வளைவுதோறும் அதிர்ந்து உடைதல் கூடும். இல்லம் சேர்ந்தபின் உறையோடு சில மணிநேரம் வைத்து, அறையின் தட்பத்தோடு ஒத்தபின்னரே மின்னிணைப்புத் தருக.

பழைய மலைவீடுகளிற் கணப்பின் மேலுள்ள சுவரே அழகிய இடமெனத் தோன்றும். அங்குத் திரையை மாட்டுதல் தகாது. சூடும் புகைக்கரியும் அதனைக் கெடுக்கும். அண்ணாந்து நோக்குவார் கழுத்தும் நோவும். அமர்ந்தார் கண்மட்டத்தில், அஃதாவது தரையிலிருந்து ஏறத்தாழ மூன்றரை அடி உயரத்தில், திரையின் நடு இருத்தல் வேண்டும். சன்னலுக்கு எதிரே வைத்தால் அதன் ஒளி திரையிற் பட்டுத் தெறிக்கும். இடி இடிக்கும்போது மின்செருகியை மட்டுமன்றிக் கேபிள் கம்பியையும் கழற்றல் வேண்டும். மின்னல் அவ்வழியும் வரும். இக்காலத் திரைகள் பல 100 முதல் 240 வோல்ட்டு வரை தாங்கும் என்று பின்புறத்திற் குறித்திருக்கும். அங்ஙனமாயின் ஸ்டெபிலைசரினும் நல்ல எர்த் இணைப்பே முதல் தேவை.

மின்செலவையும் கணக்கிட்டோம். யாம் நோக்கிய இரு திரைகளின் பின்புறத்தில் 43 அங்குலத்திற்கு 100 வாட்டும், 65 அங்குலத்திற்கு 160 வாட்டும் குறித்திருந்தன. நாள்தோறும் 5 மணிநேரம் வீதம் இரண்டு திங்களுக்கு முன்னது 30 யூனிட்டும், பின்னது 48 யூனிட்டும் கொள்ளும். இரண்டு திங்களுக்கு 100 யூனிட் கட்டணமின்றிப் பெறும் எம்போன்ற இல்லத்திற்கு இவ்வேறுபாடு சிறிதன்று. 32 அங்குலத்திற்கு மேற்பட்ட திரைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி நூற்றுக்கு 28-லிருந்து 18 ஆகக் குறைந்தமை ஒரு நன்மையே. ஆயினும் குறைந்த வரி பெரிய கடனுக்கு ஏதுவாதல் கூடாது.

முடிவும் நாற்காலியும்

இத்துணையும் எழுதிய தாளைத் தந்தையாரிடம் தந்தோம். அவர் கணக்கர், எண்களை ஒருமுறை சரிபார்த்துவிட்டு, "எல்லாம் சரி. ஆனால் அம்மாவின் கண்?" என்றார். அவ்வினாவிற்கு எம் தாளில் விடையில்லை.

விடை தந்தவர் மதுரையில் பாட்டியாரின் கண்ணைப் பார்த்துவரும் மருத்துவர். பெரிய திரை வாங்கலாமா என்று கேட்டபோது, "நாற்காலியை முன்னே போடுங்கள்" என்றார். அருகிருந்து காண்பதாற் கண் கெடாது என்றும், இத்தகைய நோயாளர்க்கு நெருங்கி அமர்தலே எளிய உருப்பெருக்கி என்றும் விளக்கினார். இல்லம் மீண்டு கணக்கிட்டோம். ஏழடியில் 65 அங்குலத் திரை கொள்ளும் கோணம் 37 பாகை. மூன்றரை அடியில் 43 அங்குலத் திரை கொள்ளும் கோணம் 48 பாகை! தூரம் பாதியானால் 43 அங்குலம் 86 அங்குலத்திற்கு ஒப்பாகின்றது. அதற்குத் தவணை இல்லை. மங்கிய கண்ணுக்குப் படத்தின் சொரசொரப்பும் தோன்றாது. நான்கு நாளாக அங்குலம் அங்குலமாக அளந்த யாம், நகர்த்தக்கூடியது நாற்காலி என்பதை நினையாதிருந்தோம்.

ஐ.பி.எஸ். வகை 43 அங்குலத் திரை ஒன்றை ஒதுக்கிய தொகைக்குள்ளேயே வாங்கினோம். பாட்டியாரின் நாற்காலியைத் திரைக்கு மூன்றரை அடியில், பிறர் பார்வையை மறையாவண்ணம் சற்றுப் பக்கமாக இட்டோம். ஒலிக்கும் இம்முறையே கைக்கொண்டோம். மெல்லிய திரைகளின் ஒலிபெருக்கி சிறியது. பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ ஒலிப்பது. முதியோர்க்குப் பேச்சு விளங்காது. ஒலியை மிகுத்தால் தங்கையின் படிப்புக் கெடும். ஆதலால் சிறிய ஒலிபெருக்கி ஒன்றைப் பாட்டியாரின் செவியருகே வைத்தோம். திரையின் ஒலி தணிந்தது. தங்கை தன் மேசையை அறையின் மறுகோடிக்கு மாற்றி, முதுகு காட்டி அமர்ந்து படிக்கின்றாள்.

கிறிஸ்து பிறப்புத் திருநாளன்று ஆராதனை தொடங்கிற்று. பாட்டியார் நடுவில் விழும் நிழலுக்குத் தப்ப முகத்தைச் சற்றே சாய்த்து, நெடுநேரம் திரையை நோக்கினார். பின்னர், "தம்பி, போதகர் ஐயாவுக்கு மீசை நரைத்துவிட்டதே! எப்போதிருந்து?" என்று கேட்டார். எமக்கு மறுமொழி தோன்றவில்லை. அது நரைத்துச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன.

இவ்வாராய்ச்சியால் யாம் உணர்ந்தது ஒன்றுண்டு. ஒன்றைத் தெளிவாகக் காண விரும்புவோர், பொருளைப் பெருக்குதற்கு முன் தாம் நெருங்க இயலுமா என்று பார்த்தல் வேண்டும். நெருங்கியும் போதாதவிடத்துப் பெருக்கிக்கொள்ளல் தவறன்று. ஆகவே, தோழர்காள், கடைக்குச் செல்லுமுன் அறையை அளந்து செல்க. வீட்டிற்கு எத்தகைய படம் வருகின்றது என்று அறிந்து செல்க. இல்லத்தில் எவர் கண்ணும் செவியும் நலிந்துள்ளன என்பதையும், எவர் அவ்வறையிற் படிக்கவேண்டும் என்பதையும் கேட்டுச் செல்க.

தவணை கட்டவேண்டாமையால் மாதந்தோறும் சிறுதொகை எஞ்சுகின்றது. அதனைக்கொண்டு, மாதத்தின் முதல் ஞாயிறன்று வாடகைக் கார் ஒன்றை அமர்த்திப் பாட்டியாரை ஆலயத்திற்கே அழைத்துச் செல்கின்றோம். எத்துணைப் பெரிய திரையாயினும் அதில் திருவிருந்து வாராது அன்றோ?